ஐம்பத்திரண்டால் பெருக்கியது

இப்போது உங்களுக்குச் சொல்லப்போவதை நானே நாலு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன் சார். சந்தேகம் வண்டியைப் பற்றி இல்லை. வண்டி சொன்ன சொல் தவறாமல் இருக்கிறது. லிட்டருக்கு இருபத்து நாலு என்றார்கள், கொடுக்கிறது. என் சந்தேகம் ஒருவர் என்னிடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. அந்த வாக்கியத்தை நம்பித்தான் இந்த ஹைப்ரிட் காரை வாங்கினேன்.

உட்காருங்கள். என் வண்டி இப்போதுதான் சர்வீஸ் லிஃப்டில் ஏறியிருக்கிறது. அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளை. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். உங்கள் கையில் இரண்டு விலைத்தாள் இருப்பதைப் பார்த்தேன். ஒன்று பெட்ரோல், ஒன்று ஹைப்ரிட். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள். நானும் இதே நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்ததும் வராததுமாக "என்ன சார் கொடுக்குது?" என்று கேட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், பால் மாட்டைப் பற்றிக் கேட்பதுபோல. என்ன எடுக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் நூல் மில்லில் காஸ்டிங் பார்த்தவன். முப்பது வருடம். பஞ்சு என்ன விலைக்கு வந்தது, கரண்டு எவ்வளவு, கூலி எவ்வளவு, மெஷின் தேய்மானம் எவ்வளவு, எல்லாம் போட்டு ஒரு கிலோ நூலுக்கு அடக்க விலை என்ன என்று சொல்வது என் வேலை. ராமபத்ரன் என்றால் மில்லில் பாதிப் பேருக்குத் தெரியாது, காஸ்டிங் சார் என்றால் வாட்ச்மேன்வரை தெரியும். அதனால்தான் சொல்கிறேன், கணக்கு எனக்குப் பிசகாது. பிசகியது வேறு.

என் பெண் வசுமதி. ஒரே பெண். திருச்சியில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை கேசவராஜ், தங்கமான பிள்ளை, யார் மனசும் நோகப் பேசத் தெரியாது. அதுதான் அவரிடம் சிக்கல் என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே என் மனைவி சௌந்தரம் போய்விட்டாள். தலைதீபாவளிக்கு இரண்டு பேரும் தேனிக்கு வந்தார்கள். நானே சமைத்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிடப் போனேன். வசு உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கேசவராஜ் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நீங்க இங்க தனியா இருக்கிறத நினைச்சு வசு ரொம்ப வருத்தப்படறா. அப்பா வாராவாரம் வந்தா நல்லா இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. வாராவாரம் வந்துருங்க மாமா."

இதுதான் அந்த வாக்கியம்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வசு முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்போது கையை ஆட்டினாள். ஆட்டினாள்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே பெருக்கிவிட்டேன் சார். தேனியிலிருந்து பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி. நூற்றெண்பது கிலோமீட்டர். போகவர முந்நூற்று அறுபது. வாராவாரம் என்றாரா? ஐம்பத்திரண்டால் பெருக்கு. பதினெட்டாயிரத்துச் சொச்சம். உள்ளூரில் ஓடுவதைச் சேர்த்தால் இருபத்திரண்டாயிரம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். யாராவது "வாராவாரம் வாங்க" என்றால் நீங்கள் ஐம்பத்திரண்டால் பெருக்குவீர்களா? மாட்டீர்கள். "ஒரு பேச்சுக்குச் சொல்றாங்க" என்று விட்டுவிடுவீர்கள். எனக்கு அந்த வித்தை வரவில்லை. மில்லில் ஒருவன் நூறு பேல் பஞ்சு வருது என்றால் நூறு பேல்தான். ஒரு பேச்சுக்கு நூறு பேல் என்று எவனும் சொல்ல முடியாது.

மில்லை மூடியபோது கொடுத்த பணம் பேங்கில் இருந்தது. இங்கே மதுரைக்கு வந்தேன். இதே ஷோரூம். இப்போது அந்த மேஜையில் இருக்கிற பெண் இல்லை, அதற்கு முன்னால் ஒரு பெண் இருந்தது. "வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க சார்?" என்று கேட்டது. இருபத்திரண்டாயிரம் என்றேன். "அப்ப யோசிக்கவே வேணாம் சார், ஹைப்ரிட்தான்" என்றது. அந்தப் பெண் சொன்னது சரி. தப்பே இல்லை. உங்களுக்கும் பயன்படும், கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதினைந்து என்று வையுங்கள், கிலோமீட்டருக்கு ஆறு எண்பது விழும். ஹைப்ரிட்டுக்கு நாலே கால். மிச்சம் இரண்டரை ரூபாய்ச் சொச்சம். விலையில் வித்தியாசம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அது திரும்பி வர ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடத்துக்கு இருபத்திரண்டாயிரம் ஓடினால் ஆறு வருடம். பேட்டரிக்கு எட்டு வருடம் உத்தரவாதம். கடைசி இரண்டு வருடம் லாபம்.

அந்த மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேங்கில் கிடந்தால் வரக்கூடிய வட்டியை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு இடிக்கும். முப்பது வருடத்தில் தெரிந்தே நான் விட்ட ஒரே செலவுத் தலைப்பு அதுதான். ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கு முன்னால் கார் விஷயத்தில் நான் கணக்கை விட்டவன் இல்லை. சௌந்தரத்துக்கு வயிற்றில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போதே ஒரு கார் வாங்கலாமா என்று வசு கேட்டாள், காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தவணை, இன்சூரன்ஸ், வட்டி, தேய்மானம். வருடத்துக்குப் பதினேழு பயணம்தான். ஒரு பயணத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல் விழுந்தது. வாடகைக் கார் மூவாயிரம். பஸ் என்றால் மூன்று பேருக்கும் போகவர நானூறு. வசுவிடம் அப்படியே சொன்னேன். சௌந்தரம்தான் சொன்னாள். "பஸ்ஸே போதுங்க. காத்தோட்டமா இருக்கும்." இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அதை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

நான் ஒன்றும் அவளைத் தவிக்கவிட்டுவிடவில்லை சார். ஆரப்பாளையத்தில் பஸ் உள்ளே திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேர் சீட்டைப் பிடித்துவிடுவேன். ஒரு தடவைகூட அவளை நிற்கவைத்ததில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில்தான் அவளுக்கு முடியாமல் போகும். வசு கையில் பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பாள். ஒரு தடவை கவர் தீர்ந்துபோய்த் தன் துப்பட்டாவைப் பிடித்தாள். கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டான். நான் அவனோடு மல்லுக்கு நின்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

எதற்கு இதைச் சொல்கிறேன்? ஆமாம், வட்டி. அப்போது வட்டியைச் சேர்த்தேன், பிறகு சேர்க்கவில்லை. அதற்காகச் சொன்னேன்.

வண்டி வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பூமாலையும் எலுமிச்சம்பழமுமாகத் திருச்சிக்குப் போனேன். கேசவராஜ் ஓடி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். வசு வாசல்படியிலேயே நின்றாள். கைக்குட்டையோ என்னவோ கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்குப்பா?"

"உனக்குத்தாம்மா. வாராவாரம் வரணுமில்ல."

அவள் வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "சாப்பிட வாங்க" என்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தில் சில பேருக்குப் பேச்சு வராது, அவள் அம்மாவும் அப்படித்தான்.

போனேன் சார், வாராவாரம். போனதும் முதலில் அன்றைய கணக்கைச் சொல்வேன். "இன்னைக்கு இருபத்தஞ்சு புள்ளி மூணு கொடுத்திருக்கும்மா. திண்டுக்கல் தாண்டி எதிர்க்காத்து, இல்லைன்னா இன்னும் ஏறியிருக்கும்." அவள் "ஓ" என்பாள். கேசவராஜ்தான் "அப்படியா மாமா, பரவாயில்லையே" என்பார். சாப்பாடு நன்றாகத்தான் போடுவாள். என் தட்டைப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் சாப்பிட்டு முடித்து, கொஞ்சம் சாய்ந்து எழுந்து, மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். வெயில் தாழ்ந்தால் ஏசி குறைவாகப் போட்டால் போதும், அரைக் கிலோமீட்டர் கூடக் கொடுக்கும்.

அவள் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. குளித்தலையில் கேசவராஜ் வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். அன்றைக்கு நான் வந்திருந்தேன். எல்லோரும் என் வண்டியிலேயே போய்விடலாம் என்றேன். கேசவராஜ் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வசு பட்டுப்புடவையும் பூவுமாகத் தெருவில் நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் பஸ்ல வந்துர்றேன்."

"ஏம்மா, வண்டிதான் இருக்கே! பின்னாடி முழுசும் காலியா கிடக்கு."

"பரவால்லப்பா. காத்தோட்டமா இருக்கும்."

கேசவராஜ் கதவைத் திறந்து பாதி இறங்கினார். "வசு, எல்லாரும் பாக்கறாங்க. ஏறு."

"நீங்க ஏறுங்க, நான் வர்றேன்னு சொல்றேன்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து, "பஸ்ல போனா கிலோமீட்டருக்கு எவ்வளவு விழும்னு உங்களுக்குத்தான் தெரியுமேப்பா" என்றாள்.

"எக்ஸ்பிரஸ்னா எழுபத்தஞ்சு காசு" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. இன்னும் மறக்கவில்லையே என்று எனக்கே ஒரு பெருமை. அவளும் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கேசவராஜ்தான் குளித்தலைவரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவள் ஏறிய பஸ் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. முன்னாலே விட்டுவிடலாமா, வேகத்தைக் குறைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருவேளை சத்தமில்லாமல் கிளம்புகிற வண்டி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? சில பேருக்கு அப்படி இருக்கும் என்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள், வாங்குவதற்கு முன்னால்.

அதற்குப் பிறகு போன் வர ஆரம்பித்தது. "இந்த வாரம் வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்கப்பா." "இந்த வாரம் அவங்க சித்தப்பா குடும்பம் வருது." "நாங்க ஒரு பூப்புனித நீராட்டுக்குப் போறோம்." எல்லாம் நிஜம்தான். நான் ஒன்றும் பொய் என்று சொல்லவில்லை. பெயிண்ட் வாசனையை அடுத்த தடவை நானே பார்த்தேன். ஆனால் வாரம் ஒன்று விட்டால் முந்நூற்று அறுபது போச்சு. இரண்டு விட்டால் எழுநூற்று இருபது. மீட்டர் அப்படியே நின்றது. ஆறு வருடம் என்று போட்டது பத்து வருடமானது, பிறகு பதினைந்து. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"நீ இப்படி வரவேணாம் வரவேணாம்னா வண்டி எப்பம்மா அசலுக்கு வரும்?"

சாம்பார்க் கரண்டியோடு நின்றாள். "அதுக்காகவாப்பா வர்றீங்க?"

"அதுக்காகவும்தான்" என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது சார். இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். அதுக்காக மட்டும்தான் என்றாலும் பொய். 'உம்' போட்டுத்தானே சொன்னேன்? அந்த 'உம்' அவள் காதில் விழவில்லை. படித்த பெண், எம்.காம். அசல் திரும்புவதும் அப்பா வருவதும் ஒரே ரோட்டில்தான் என்பது அவளுக்குப் புரியவில்லை. கேசவராஜ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு பொங்கலுக்கு ஒன்று, திவசத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. திவசத்துக்கு அவர்கள்தான் தேனிக்கு வருவார்கள். பஸ்ஸில்.

இப்போது வருடத்துக்கு நாலாயிரம் ஓடுகிறது. இதுவரை ஓடியது போக, அசல் வர இன்னும் இருபத்தைந்து வருடம் ஆகும். எனக்கு ஐம்பத்தெட்டு. எண்பத்து மூன்றில் நான் லாபம் பார்க்க ஆரம்பிப்பேன். அதுவும் சும்மா நிறுத்தி வைக்கவும் முடியாது. போன மழைக்காலத்தில் ஒரு மாதம் எடுக்கவில்லை. சின்ன பேட்டரி செத்துப்போய்க் கதவே திறக்கவில்லை. இங்கிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "சார், வாரம் ஒரு தடவையாவது கொஞ்ச தூரம் ஓட்டிருங்க, இல்லைன்னா இது தாங்காது" என்றான். அதனால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். வேறு வழி தெரியாததால் அதே வழியில்தான் போகிறேன். பெரியகுளம் தாண்டி ஒரு டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். கடைக்காரர் ஒரு நாள் கேட்டார், "வாராவாரம் எங்க சார் போயிட்டு வர்றீங்க?" "மகளைப் பார்க்க" என்றேன். டீக்கடையில் நின்று ஹைப்ரிட் பேட்டரியைப் பற்றியா விளக்க முடியும்? சர்வீஸுக்கும் பாருங்கள், பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் வருடம்தான் முன்னால் வருகிறது.

வித்துவிடலாம்தான். கேட்டுப் பார்த்தேன். நாலு வருடமான ஹைப்ரிட் என்றதும் பேட்டரி என்ன ஆகுமோ என்று பாதி விலைக்கு இறங்குகிறார்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும். நீங்கள் அந்தத் தலைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கேசவராஜ் திடீரென்று தேனிக்கு வந்தார். தனியாக. அவர் அப்படி வந்ததே இல்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறவிட்டார்.

"மாமா, எனக்கு நாக்பூருக்கு மாத்தல் வந்திருக்கு. அடுத்த மாசம் கிளம்பறோம்."

"எத்தனை வருஷம்?"

"அது... நானேதான் எழுதிக் கேட்டேன் மாமா. வசுதான் கேக்கச் சொன்னா."

"நல்லது" என்றேன். வேறு என்ன சொல்வது? மனசுக்குள் தூரம் ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூர், ஹைதராபாத் வழி. ஆயிரத்து நானூறுக்குக் குறையாது. வருடத்துக்கு ஒரு தடவை போய் வந்தாலே... அதற்கு மேல் நான் போடவில்லை சார். சத்தியமாகச் சொல்கிறேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அவ வரலியா, சொல்லிட்டுப் போக?"

"வருவா மாமா. கிளம்பறதுக்குள்ள கண்டிப்பா ஒரு நாள் வருவா. உங்களை நினைச்சுதான் அவளுக்கு ஒரே கவலை, அப்பா அப்பான்னு..." என்றார்.

அதே குரல். பஸ் நிலையத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய அதே குரல். ஆறின காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றவரை விடாமல் வண்டியில் ஏற்றினேன். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் நேரு சிலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. பெட்ரோல் வண்டி என்றால் நிற்கும்போதும் ஒரு உறுமல் இருக்கும், இரண்டு பேர் பேசாமல் இருப்பதை அது மூடிவிடும். இதில் இன்ஜின் தானாக அணைந்துவிடும். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் விடுவது அவருக்கும் கேட்டிருக்கும்.

"வண்டியை வித்துருங்க மாமா" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நீங்க தனி ஆள். எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி."

அந்தக் கேள்வி நாலு வருடம் வாய்வரை வந்து வந்து உள்ளே போனது சார். கேட்டால் பதில் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை டீக்கடைவரைகூடப் போக முடியாது என்று விட்டுவைத்திருந்தேன். பின்னால் யாரோ ஹாரன் அடித்தான். பச்சை விழுந்திருக்க வேண்டும். நான் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு, 'அப்பா வாராவாரம் வந்தா நல்லா இருக்கும்'னு வசு அவளா வாயைத் திறந்து சொன்னாளா, இல்ல, நீங்க கேட்டதுக்கு 'ம்' கொட்டினாளா?"